கல் பறந்த இடம்

மடுல்கெல்லைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ரோட்டில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்து வளைவைக் கடந்துகொண்டிருந்தபோது கிருஷாந்தியின் முகத்துக்கு நேரே காரின் முன் கண்ணாடி வெடித்தது. உடைந்து உள்ளே கொட்டவில்லை. ஆனால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் ஓடி, எதிரே இருந்த ரோடு துண்டு துண்டாகிப் போனது. அவள் பிரேக்கை மிதித்தாள். பின் சீட்டில், ஐஸ் பெட்டிக்குள் இருந்த, இரத்தம் எடுத்த குழாய்கள் கலகலவென்று உரசின.

முதலில் பெட்டியைத் திறந்து பார்த்தாள். குழாய் ஒன்றும் உடையவில்லை. அதன் பிறகுதான் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

ரோட்டோர மேட்டில், புல் வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டியபடி இராமையா நின்றிருந்தார். மெஷின் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

"மாமா, மொதல்ல அத நிப்பாட்டுங்க."

நிறுத்தினார். ஓடி இறங்கி வந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"ரத்தினம்மா மகளா? ஐயோ புள்ள, கண்ணுல ஏதும் பட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. கண்ணாடிதான்."

அவர் கண்ணாடியைப் பார்த்தார். பார்த்ததும் தலையில் கை வைத்து அப்படியே ரோட்டோரத்தில் குந்திவிட்டார். "ஆபீசுல எம்பேரச் சொல்லிராத புள்ள. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி பங்களா ஜன்னல் ஒண்ணு ஒடஞ்சதுக்கே சம்பளத்துல வெட்டுனாங்க. இது காரு கண்ணாடி. இதுக்கு நான் எங்க போவேன்?"

கிருஷாந்தி அவருடைய கால்களைப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே உர மூட்டைச் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார். கண்ணுக்கு எதுவும் இல்லை. மெஷினின் நுனியில் பிளேடு மறைப்பில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கல்லும் புல்லும் பறக்காமல் தடுக்க அதற்குப் பின்னால் ஒரு மூடி இருக்க வேண்டும். அது இல்லை.

"மூடி எங்க மாமா?"

"இந்த மெஷினு வந்தப்பவே இல்ல. ஸ்டோருல கேட்டேன். வரும் வரும்னாங்க. எனக்கு மட்டுமில்ல, வேற யாரு மெஷினுக்கும் கெடையாது."

அவள் போனை எடுத்துக் கண்ணாடியைப் படம் எடுத்தாள். வளைவை எடுத்தாள். மூடியில்லாத பிளேடை, கிட்டப் போய், இரண்டு முறை எடுத்தாள். இராமையாவின் முகம் எதிலும் விழாமல் பார்த்துக்கொண்டாள்.

வத்தேகமவில் உள்ள ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. தோட்டத்துச் சீனி வருத்தக்காரர்கள், நீரிழிவு நோயாளிகள், வெறும் வயிற்றில் பஸ் ஏறி டவுனுக்கு வந்து, மயங்கி மயங்கி வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து, விடியற்காலையில் தானே மேலே போய் இரத்தம் எடுத்து வருகிறேன் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கிய வேலை இது. அதற்காகத்தான் லீசிங்கில் ஒரு பழைய சின்னக் காரை எடுத்தாள். லீசிங் காருக்கு முழுக் காப்புறுதி கட்டாயம். ஆகவே அதுவும் இருந்தது.

அன்று பின்னேரம் காப்புறுதி முகவர் நஸீப் திகனவிலிருந்து அவள் வீட்டுக்கு வந்தான். காரைச் சுற்றி வந்து, கண்ணாடியில் விரல் வைத்துப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ், ஒங்களுக்கு ஒண்டும் ஆகல்ல மிஸ். அது போதும்" என்றான். பிறகு உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்து, மேசையில் படிவத்தை விரித்தான்.

"நான் செல்றத மட்டும் கேளுங்கோ. பன்வில ரோட்டுல வரக்குள்ள முன்னுக்குப் போன டிப்பர்ல இருந்து கல்லொண்டு பறந்து வந்துச்சு. நம்பர் காணல்ல. அவ்வளவுதான். மிச்சத்த நான் பாத்துக்கொள்றேன்."

"டிப்பர் ஒண்ணும் வரல்லயே நஸீப்."

"வராட்டி என்ன மிஸ்? இந்த ரோட்டுல டிப்பர் ஓடாத நாள் ஈக்கா?"

கிருஷாந்தியின் கணவன் சேதுராமன் சிரித்தான். வத்தேகமவில் தரை ஓடு விற்கும் கடையில் கணக்குப் பார்ப்பவன். எந்தப் பிரச்சினையையும் அன்றைக்கே முடித்துவிட வேண்டும் அவனுக்கு.

"உண்மையச் சொன்னா என்ன ஆகும்?" என்று அவள் கேட்டாள்.

நஸீப் பேனாவைக் கீழே வைத்தான். "ரெண்டு கரச்சல் ஈக்கிது. தோட்டத்து ரோடு பப்ளிக் ரோட் இல்ல, தோட்டத்துக்குச் சொந்தம். அங்க ஏன் பெய்த்தீங்கன்னு கொம்பனி கேக்கும். அது ஒண்டு. மத்தது, கல்லு ஆருட மெஷின்ல இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா கொம்பனி ஒங்களுக்குக் காசக் குடுத்துட்டு, தோட்டத்துக்கிட்ட அதக் கேக்கும். தோட்டம் ஆருகிட்ட கேக்கும்? அந்த மெஷின் புடிச்ச மனிசன்கிட்ட."

"அப்ப டிப்பர்னே எழுதிரு" என்றான் சேதுராமன். "இராமையா மாமாவும் தப்புவாரு. நமக்கும் காசு வரும். யாருக்கும் நட்டமில்ல."

"இல்லாட்டி இன்சூரன்ஸ் பக்கமே போகாம கையால போட்டு மாத்துங்கோ" என்றான் நஸீப். "கண்ணாடிக்குத் தனியா கவர் போடுங்கோன்னு அப்பவே சென்னேன், நீங்க கேக்கல்ல. இப்ப கேட்டா இத்தன வருஷமா ஒண்டும் கேக்காம பிரீமியத்துல சேத்த கழிவு பெய்த்துடும். அடுத்த வருஷம் கூடக் கட்டோணும்."

மூன்று வழிகள் மேசையில் கிடந்தன. பொய் சொல்லிக் காசு எடுப்பது, உண்மையைச் சொல்லி இராமையாவை மாட்டிவிடுவது, வாயை மூடிக்கொண்டு கைக்காசைக் கட்டுவது. இதில் பொய்தான் எல்லோருக்கும் நல்லது போலத் தெரிந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

சமையலறை வாசலில் அவளுடைய அம்மா ரத்தினம்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால் தேநீர்த் தட்டைப் பிடித்திருந்தாள். வலது மணிக்கட்டு கோணிப் போய் வருஷங்கள் ஆகின்றன. கிருஷாந்தி எட்டாம் வகுப்புப் படித்த காலத்தில், மழை நாளில், கொழுந்துக் கூடையோடு மலையில் சறுக்கி, மழைநீர் ஓடும் கானுக்குள் விழுந்தாள் ரத்தினம்மா. ஆனால் தோட்டத்து டிஸ்பென்சரியில் 'லயத்தில் விழுந்தது' என்று எழுதினார்கள். வேலையில் விழுந்தால் நட்டஈடு கொடுக்க வேண்டும், லயத்தில், குடியிருக்கும் வீட்டு வரிசையில், விழுந்தால் வேண்டாம். எல்லோருக்கும் அது தெரியும். விழுந்ததைப் பார்த்தவர்கள் அந்த மலை முழுக்க இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரத்தினம்மாவும் திறக்கவில்லை.

"கல்லு எங்க பறந்துச்சோ அங்கதான் பறந்துச்சுன்னு எழுதணும்" என்றாள் கிருஷாந்தி.

"சும்மா இருடி" என்றாள் ரத்தினம்மா. அவளுக்கு மகள் எதை நினைக்கிறாள் என்று புரிந்துவிட்டது. "அது பழைய கத. இப்ப அத வச்சு வம்பு வளக்காத."

"ஃபோர்ம் இருக்கட்டும் நஸீப். நாளைக்கு தோட்டத்து ஆபீசுக்குப் போறேன். கண்ணாடிய ஒடச்சது அவங்க மெஷின். அவங்க குடுக்கட்டும்."

நஸீப் சேதுராமனைப் பார்த்தான். சேதுராமன் கூரையைப் பார்த்தான்.

மறுநாள் கிருஷாந்தி உடைந்த கண்ணாடியோடேயே காரை மேலே ஓட்டிப் போய், தோட்டத்து ஆபீஸ் வாசலில், எல்லோரும் பார்க்கும்படி நிறுத்தினாள். பெரிய கிளாக்கர் பொன்னுத்துரை ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இந்தத் தோட்டத்துக்கு வந்து நெடுங்காலம். யாரோடும் குரலை உயர்த்திப் பேசியதில்லை.

"இருங்கோ தங்கச்சி" என்று கதிரை காட்டினார். "ஓம், இராமையாவின்ர விஷயம் எல்லாம் சுப்பவைசர் சொன்னவர். உங்களுக்குக் காயம் ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லைங்க ஐயா. கண்ணாடிக்குத் தோட்டம் என்ன செய்யப் போகுதுன்னு கேக்க வந்தேன்."

"உங்களிட்ட ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு. அதில எடுக்கலாம்தானே. ஏன் இந்தக் கரைச்சல்?"

"எடுக்கலாம். ஆனா கல்லு எங்கருந்து வந்துச்சுன்னு கேப்பாங்களே."

"மெயின் ரோட்டில எண்டு சொல்லுங்கோ. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது உறைத்தது. கிருஷாந்தி விடவில்லை.

"எல்லாருமா? அப்ப எனக்கு முன்னாடியும் கல்லு பட்டிருக்கா?"

பொன்னுத்துரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதற்குள் மனேஜர் உள்ளேயிருந்து வந்தார். தோட்டத்துக்கு வந்து ஒரு வருஷமும் ஆகாத இளம் துரை. சிங்களமும் தமிழும் கலந்து வேகமாகப் பேசுவார். விஷயம் சுலபம் என்றார். இராமையா கவனமில்லாமல் வேலை செய்தான் என்று ஒரு முறைப்பாடு எழுதிக் கொடுங்கள், அவனுடைய சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து உங்களுக்குத் தந்துவிடுகிறோம். இதைவிட நியாயம் வேறு என்ன என்பது போலக் கையை விரித்தார்.

"அவரு சம்பளத்துல ஒரு சதம்கூட எனக்கு வேணாம்" என்றாள் கிருஷாந்தி. "கவனமில்லாம இருந்தது அவரு இல்ல." போனைத் திறந்து பிளேடின் படத்தைக் காட்டினாள். "மூடி இல்ல. கேட்டிருக்காரு, குடுக்கல. வேற மெஷினுக்கும் இல்லியாம். எனக்குக் கண்ணாடியோட போச்சு. நாளைக்கு ஸ்கூல் போற ஒரு புள்ளைக்குக் கண்ணுல பட்டா?"

மனேஜரின் முகம் மாறியது. தோட்டத்துக்குள் படம் எடுக்க யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். இது தனியார் இடம், இந்த ரோடு தனியார் ரோடு, இவ்வளவு நாளும் உங்கள் காரை உள்ளே விட்டது எங்களுடைய பெருந்தன்மை என்றார். நாளையிலிருந்து அவள் காருக்குக் கேட்டின் குறுக்கு மரத்தைத் தூக்க வேண்டாம் என்று காவல்காரனிடம் சொல்லச் சொல்லிப் பொன்னுத்துரையைப் பார்த்தார். பொன்னுத்துரை தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

கிருஷாந்தி எழுந்தாள். "காரத்தான் நிப்பாட்டலாம் சேர். நான் பொறந்த லயம் மேல இருக்கு. அங்க போக நான் யாருகிட்டயும் கேக்க மாட்டேன்."

வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "கண்ணாடியும் போயி, வேலையும் போகப் போகுது" என்றான் சேதுராமன். அவன் சொன்னது பொய்யில்லை. மேலே போய் இரத்தம் எடுக்காவிட்டால் முதலாளிக்கு அவள் எதற்கு? ஆனால் விடிகிறபோது அவள் வழக்கம்போல ஐஸ் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தாள். பன்வில தாண்டும்வரை உடைந்த கண்ணாடியின் வலது ஓரத்தில், கொஞ்சம் தெளிவாக இருந்த இடத்தின் வழியாகத் தலையைச் சரித்துப் பார்த்தபடி மெதுவாக ஓட்டினாள்.

கேட்டில் மரம் குறுக்கே கிடந்தது. காவல்காரர் தன் கூட்டுக்குள் போய் நின்றுகொண்டார்.

"என்னயத் திட்டாத தங்கச்சி. சொல்லிட்டாங்க."

"ஒங்கள ஏன் திட்டுறேன்? நீங்க இருங்க."

மேலே, பிள்ளைக் காம்பராவில், சின்னப் பிள்ளைகளை விட்டுப் போகும் அந்த அறையின் வாசலில், சீனி வருத்தக்காரர்கள் தேநீர்கூடக் குடிக்காமல் அவளுக்காகக் காத்திருப்பார்கள். கிருஷாந்தி அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, கேட்ட மூடிட்டாங்க. எல்லாரையும் கீழ வரச் சொல்லுங்க. ஏலாதவங்கள விட்டுருங்க, நான் நடந்து வந்து எடுக்குறேன். யாரும் டீ குடிச்சிறாதீங்க."

காரின் முன் மூடியைத் துடைத்து, வெள்ளைத் துவாய் ஒன்றை விரித்தாள். ஊசிகளையும் பஞ்சையும் குழாய்களையும் ஒழுங்காக அடுக்கினாள். சற்று நேரத்தில் வளைவில் தலைகள் தெரிந்தன. தாத்தாமார், கொழுந்து எடுக்கப் போகும் கோலத்தில் பெண்கள், தடியூன்றி ஒருவர். அவள் நினைத்ததைவிடக் கூட்டம் அதிகம். இரத்தம் கொடுக்க வேண்டியவர்களோடு சும்மா பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள்.

ஒவ்வொருவரும் கையை நீட்டியதும் முதலில் கேட்டது கண்ணாடியைப் பற்றித்தான். இறப்பர்ப் பட்டியை முழங்கைக்கு மேலே கட்டி, நரம்பைத் தட்டிப் பார்க்கும் நேரத்தில் அவள் சொன்னாள். கல் எங்கே பறந்தது, மெஷினில் என்ன இல்லை, ஆபீசில் என்ன சொன்னார்கள், டிப்பர் என்று எழுதச் சொன்னது யார் யார், எல்லாம். ஒரு கைக்குக் கொஞ்சம், அடுத்த கைக்குக் கொஞ்சம். வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் நின்றவர்கள் மிச்சத்தைச் சொன்னார்கள்.

பெரட்டு நேரம் தாண்டியது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் அந்தக் களத்தில் ஆள் குறைந்ததைப் பார்த்துச் சுப்பவைசர் இறங்கி வந்தார்.

"இங்க என்ன கூட்டம்? பெரட்டுக்குப் போற எண்ணம் இல்லியா?"

கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்ற பெண் ஒருத்தி திரும்பினாள். "பச்சத் தண்ணி குடிக்காம எறங்கி வந்துருக்கோம். ரத்தம் குடுத்துட்டுத்தான் வருவோம். கேட்ட மூடுனது நாங்களா?" அதோடு நிறுத்தவில்லை. "போன வருசம் எம் மகன் நெத்தியில கல்லுப் பட்டு தையல் போட்டோமே, அது எந்த டிப்பர்ல இருந்து வந்த கல்லு?"

சுப்பவைசர் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்.

அப்போதுதான் இராமையா வந்தார். தோளில் மெஷின். அவருக்குப் பின்னால் புல் வெட்டும் மற்ற ஆட்கள், அவரவர் மெஷினோடு. இராமையா மெஷினைக் கழற்றிக் கேட்டுக்குப் பக்கத்தில், காரின் முன் சக்கரத்தை ஒட்டிப் படுக்க வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள்.

"மூடி வர்ற வரைக்கும் இதத் தூக்க மாட்டோம்" என்றார், கூட்டத்தைப் பார்த்து அல்ல, மெஷினைப் பார்த்து. பிறகு கிருஷாந்தியிடம் வந்தார். கையை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"எழுது புள்ள."

"என்ன மாமா?"

"இன்சூரன்சுக்கு எழுது. நடந்தத எழுது. எம்பேரையும் போட்டு எழுது. மூடி கேட்டேன், குடுக்கலன்னு எழுது."

"ஒங்க சம்பளத்துல கை வப்பாங்க."

"வைக்கட்டும். ஜன்னலுக்கு வெட்டுனப்ப நான் தனியா நின்னேன். இப்ப வெட்டட்டும் பாப்போம்."

ஊசியோடு நின்றுகொண்டு அழ முடியாது. கிருஷாந்தி அடுத்த ஆளின் கையைப் பிடித்தாள்.

மனேஜரின் ஜீப் வந்து மரத்துக்கு உட்புறம் நின்றது. பொன்னுத்துரையும் இறங்கினார். மனேஜர் கூட்டத்தைப் பார்த்தார், வரிசையாகக் கிடந்த மெஷின்களைப் பார்த்தார், காரைப் பார்த்தார். எல்லோரும் வேலைக்குப் போங்கள் என்று சத்தம் போட்டார். ஒருவர்கூட அசையவில்லை. வயதான ஒருவர் மட்டும், இன்னும் தன் முறை வரவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு கார்ப் பக்கம் நகர்ந்தார்.

பொன்னுத்துரை மனேஜரை ஒரு ஓரமாகக் கூட்டிப் போனார். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். பிறகு அவர் மரத்துக்கு அடியால் குனிந்து, வேட்டி மண்ணில் படாமல் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் வந்தார்.

"தங்கச்சி, கண்ணாடிக் காசு முழுக்கத் தோட்டம் தரும். இராமையாவிட்ட ஒண்டும் கழிக்கமாட்டினம். மூடிக்கும் ஓடர் போடுறம். நீங்கள் ஒரு சின்னக் கடதாசியில கையெழுத்து மட்டும் வைச்சால் போதும்."

"என்னன்னு?"

"கண்ணாடி மெயின் ரோட்டில உடைஞ்சது, தோட்டம் மனமிரங்கி உதவி செய்தது எண்டு."

சேதுராமன் பக்கத்தில் இருந்திருந்தால் பேனாவை எடுத்துக் கையில் கொடுத்திருப்பான். காசு முழுக்க வருகிறது. கழிவும் போகாது. இராமையாவும் தப்புகிறார். கிருஷாந்தி ஒரு கணம் அந்தக் கடதாசியை மனதில் பார்த்தாள். அதில் தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"மனமிரங்க வேணாம் ஐயா" என்றாள். "மனமிரங்கிக் குடுத்தா நாளைக்கு வேற எவனுக்காவது கல்லுப் படுறப்ப, இங்க இதுக்கு முன்னாடி அப்புடி நடக்கவே இல்லன்னு சொல்லுவீங்க. அதுக்கு எங் கையெழுத்தையே காட்டுவீங்க."

பொன்னுத்துரை அவளையே பார்த்தார். "நீங்கள் சொல்லுறது பிழையில்லை" என்றார், தனக்கு மட்டும் கேட்கும் குரலில். ஆனால் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டுவிட்டது.

கிருஷாந்தி கையுறையைக் கழற்றிவிட்டு நஸீப்புக்குப் போன் செய்தாள். குரல் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டிக் காரின் மேல் வைத்தாள்.

"நஸீப், ஃபோர்ம எடுங்க. எழுதுங்க."

"இப்பவா மிஸ்? சரி, சரி, செல்லுங்கோ. நடந்த இடம்?"

அவள் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். "மேல் டிவிசன். தண்ணித் தாங்கி வளைவு."

"மிஸ், நல்லா யோசிச்சிக்கோங்கோ. கழிவு பெய்த்துடும். ரோட்டப் பத்திக் கேள்வி வரும்."

"போகட்டும். வரட்டும்."

"காரணம்?"

"மூடி இல்லாத புல்லு வெட்டுற மெஷின்ல இருந்து பறந்த கல்லு. வேலையாள் மூடி கேட்டும் தோட்டம் குடுக்கல. வேலையாள் பேரு இராமையா. அவரு மேல எந்தப் பிழையும் இல்ல. அதையும் எழுதுங்க."

"மிஸ், இத நான் தமிழ்லயா இங்கிலீஷ்லயா எழுதோணும்?"

"எதுல வேணும்னாலும் எழுதுங்க. மாத்தாம எழுதுங்க."

யாரோ சிரித்தார்கள். மனேஜர் ஜீப்பில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார்.

எல்லாம் அன்றோடு இனிதாக முடிந்துவிடவில்லை. காப்புறுதிக் கம்பனியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்தார், வளைவைப் படம் எடுத்தார், இராமையாவிடம் தனியாகப் பேசினார். நஸீப் சொன்னது போலவே கம்பனியிலிருந்து கேள்வி வந்தது. அது தனியார் ரோடு, அங்கே ஏன் வாகனம் ஓட்டினீர்கள்? கிருஷாந்தி கண்டியில் உள்ள கிளைக்கு நேரில் போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியிடம் சொன்னாள்: "ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குக் கேக்க வர்றவங்க அந்த ரோட்டுலதான் வர்றாங்க. வாக்குப் பெட்டியும் அந்த ரோட்டுலதான் போகுது. தபால்காரரும் அதுலதான் வர்றாரு. அவங்க யாருகிட்டயும் ஏன் போனீங்கன்னு நீங்க கேக்கல. நான் அங்க பொறந்தவ. என்கிட்ட மட்டும் ஏன் கேக்குறீங்க?" அதிகாரி தண்ணீர் குடித்தார். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

பல தொலைபேசி அழைப்புகளுக்குப் பிறகு காசு வந்தது. முழுதாக அல்ல. மிச்சத்தைச் சேதுராமன் முணுமுணுத்துக்கொண்டே போட்டான். அத்தனை வருஷமாகச் சேர்ந்த கழிவு போய்விட்டது. கம்பனி தோட்டத்துக்கும் ஒரு கடிதம் அனுப்பியது என்று பொன்னுத்துரை பிறகு ஒருநாள் சொன்னார்.

மெஷின்களுக்கு மூடி வந்தது. கண்ணுக்குப் போடும் கண்ணாடியும் வந்தது. இராமையாவின் சம்பளத்தில் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் அவரைக் கான் வெட்டும் வேலைக்கு, தூரத்து டிவிசனுக்கு மாற்றினார்கள். தினமும் ஏறி இறங்க வேண்டும். "முழங்கால் வலிக்குது புள்ள" என்று சொன்னார். பேரைப் போடச் சொன்னதற்கு வருத்தப்படுகிறாரா என்று கேட்டாள். "வலிக்குதுன்னுதான் சொன்னேன்" என்றார். கேட்டு மரம் சில வாரங்கள் இறங்கியே கிடந்தது. ஒவ்வொரு முறையும் ஆட்கள் கீழே வந்தார்கள், ஒவ்வொரு முறையும் பெரட்டு பிந்தியது. கடைசியில் ஒருநாள் காவல்காரர் அவளுடைய கார் தெரிந்தவுடனேயே மரத்தைத் தூக்கினார்.

கட்டுகஸ்தோட்டையில் புதுக் கண்ணாடி பூட்டினார்கள். பசை காயும்வரை கதவை அடித்துச் சாத்தக் கூடாது, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியே வையுங்கள் என்றார் கடைக்காரர். வத்தேகமவுக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சேதுராமனின் பக்கம் முழுக்க நனைந்தது. அவன் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, நல்ல வேளை மாமியாரைக் கூட்டி வரவில்லை என்றான். வீட்டில் ரத்தினம்மா வாசலுக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். கண்ணாடியை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். "நீ செஞ்சது சரின்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா நான் அன்னைக்குச் செஞ்சிருக்கணும்." சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை கிருஷாந்தி மேலே போனாள். இரவு மழையில் தேயிலை கழுவிவிட்டது போலிருந்தது. தொழிற்சாலையைத் தாண்டி ரோடு ஒடுங்கும் இடத்தில், எதிரே மனேஜரின் ஜீப் வந்தது.

இரண்டு வண்டிகள் ஒதுங்க அங்கே இடம் கிடையாது. துரையின் ஜீப் வந்தால் மற்ற வண்டிதான் பின்னால் போகும். லொறியானாலும் வேனானாலும் அப்படித்தான். யாரும் எழுதி வைத்த சட்டமல்ல, ஆனால் அந்த மலையில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கிருஷாந்திக்குப் பின்னால் நீண்ட இறக்கம், ஒரு பக்கம் பள்ளம். ஜீப்புக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், ஒதுங்கி நிற்க நல்ல அகலமான இடம் இருந்தது.

மனேஜர் ஹோர்ன் அடித்தார்.

அவள் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள். வெயில் இன்னும் ஏறவில்லை. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

அவர் மறுபடியும் அடித்தார், இந்தத் தடவை நீளமாக. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கிருஷாந்தி கையை உயர்த்தி அவருக்குப் பின்னால் இருந்த இடத்தைக் காட்டினாள், வழி தெரியாதவருக்கு வழி சொல்வது போல மரியாதையாக.

ஜீப் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அதன் பின் விளக்கின் வெளிச்சம் ஈர மண்ணில் விழுந்தது. மெதுவாகப் பின்வாங்கி ஒதுங்கியது.

அவள் ஹேண்ட்பிரேக்கை விட்டு, முதலாம் கியரைப் போட்டு மேலே ஏறினாள்.